பொறம்போக்குக்கு ஒரு ஆனந்தபைரவி

2017 பொங்கல் அன்று மதியம். எண்ணூரில் எங்கள் வீட்டு வாசலில் நைனா வலையின் கிழிசலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நண்பன் அனுப்பிய யூடியூப் வீடியோவைப் போனில் தட்டினேன். கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா உட்கார்ந்திருக்கிறார், வயலின், மிருதங்கம். கச்சேரிதானே என்று நைனா நிமிரக்கூட இல்லை. பாட்டு இரண்டு வரி போனதும் அவர் கை நின்றது.

"இன்னாடா இது, நம்ம பேச்ச அப்டியே பாடறாரு?"

முடிந்ததும், "இன்னொரு தபா போடு" என்றார். அன்று எத்தனை தபா போட்டோம் என்று கணக்கே இல்லை.

அதுதான் 'சென்னை பொறம்போக்கு பாடல்'. எழுதியவர் கபேர் வாசுகி, மெட்டமைத்தவர் ஆர்.கே.ஸ்ரீராம்குமார், படம்பிடித்து இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். அது வந்து சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் தீரவில்லை. நான் சங்கீதம் படித்தவன் இல்லை. ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி, சிந்துபைரவி என்று ராகங்களின் பெயரை வரிசையாகச் சொல்லக் கற்றுக்கொண்டதே இந்தப் பாட்டுக்காகத்தான்.

தொடக்கமே ஆனந்தபைரவி. தாலாட்டுக்கும் கல்யாணப் பாட்டுக்கும் நம் வீடுகளில் பழகிய ராகம். அந்த மடியில் போய் 'பொறம்போக்கு' என்ற சொல்லை உட்கார வைத்திருக்கிறார்கள்! அதுவும் 'புறம்போக்கு' என்று திருத்தாமல், எங்கள் தெருவில் வாய்க்கு வருகிற மாதிரியே, 'பொறம்போக்கு'. சினிமாவில் ரவுடிக்கும் காமெடியனுக்கும் மட்டும் கொடுத்து வைத்திருந்த பாஷை. அதை கிருஷ்ணா கிண்டலாகப் பாடவில்லை, பாவமாகவும் பாடவில்லை. ஒரு கீர்த்தனைக்குத் தருகிற மரியாதை அத்தனையையும் தந்து பாடுகிறார். எனக்கு முதல்முறை கண் கலங்கிய இடம் அதுதான். இப்போதும் அங்கேதான் கலங்குகிறது.

காரணம் இருக்கிறது. முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், அரைமணி நேரம் தாமதமாகப் போனதற்கு மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் என்னை அந்தச் சொல்லால்தான் திட்டினார். எண்ணூர்க்காரன் என்று தெரிந்துதான் திட்டினார். ரொம்ப நாள் அது உள்ளே முள்ளாகக் கிடந்தது. பாட்டு என்னைத் தாலுகா ஆபீஸ் கணக்குப் பக்கம் திருப்பியது. ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு. யார் பட்டாவிலும் இல்லாத, ஊர் மொத்தத்துக்கும் பொதுவான நிலம். தண்ணீர் தேங்குவதும் மாடு மேய்வதும் மீன் குஞ்சு பொரிப்பதும் அங்கேதான். அப்படிப்பட்ட சொல் எப்படி வசவாகிப்போனது? ஒருவன் கைக்கு வராத நிலம் உதவாத நிலம் என்று நினைத்த புத்தியால்தானே!

எங்கள் கொசஸ்தலையாறும் அப்படி ஒரு பொதுச் சொத்துதான். பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவியே இறால் பிடிக்கும் இருளர் பெண்களைச் சின்ன வயதில் கரையில் நின்று வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். வலை கிடையாது, தூண்டில் கிடையாது, விரல் நுனிதான். பிற்பாடு அந்தத் தண்ணீரில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து, தடவிய கைக்குச் சாம்பல் சேறுதான் வந்தது. வீடியோவில் பாடகர் உட்கார்ந்திருப்பது அந்த நிலத்தில்தான், பின்னால் புகைபோக்கிகள். முந்தைய ஆண்டு, 2016இல், மகசேசே விருது வாங்கியவர் சபா மேடையை விட்டு இங்கே வந்து உட்கார்ந்தார் என்பதை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியுமா?

பாட்டு வந்து சரியாகப் பதினாலாவது நாள், ஜனவரி 28, எங்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரைப் பாறையெல்லாம் கருப்புக் களி. அதைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் மொண்டு மொண்டு கைமாற்றினார்கள். நானும் ஒரு நாள் வரிசையில் நின்றேன். நகத்துக்குள் போன அந்தக் கருப்பு ஒரு வாரம் போகவில்லை. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் வாய்க்குள் இந்தப் பாட்டை முனகிக்கொண்டிருந்தான். சுருதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் அதைவிடப் பொருத்தமான கச்சேரி எனக்கு வாய்க்கவே இல்லை.

கேட்காதவர்கள் தயவுசெய்து ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கடைசியில் சிந்துபைரவி வரும்போது அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். நைனா இன்றைக்கும் அந்த இடம் வந்தால் ஊசியைக் கீழே வைத்துவிடுகிறார்.