கஞ்சியும் வினாவும்

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றது. இறுதி நாள்களில் முற்றுகையுட்பட்ட மக்களின் உயிர்தாங்கிய உணவு அரிசியும் நீரும் உப்பும் கலந்த கஞ்சி. அக்கஞ்சியே இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரங்களில் வழங்கப்படுகின்றது. பட்டினியின் உணவு எதிர்ப்பின் குறியீடாயிற்று. 2024இல் சம்பூரிலே கஞ்சி வழங்கியோர் கைதுசெய்யப்பட்டமை அக்குறியீட்டின் வலுவை உணர்த்தும்.

யூத மரபிலும் இதற்கு ஒப்பானதொன்றுண்டு. பாஸ்கா விழாவின் புளிப்பற்ற அப்பம் எகிப்திய அடிமைத் துயரை நினைவூட்டுவது. எனினும் அங்கு உண்பதோடு சடங்கு நிறைவுறுவதில்லை. சிறுவர் வினவுதல் வேண்டும். மூத்தோர் விடை கூறுதல் வேண்டும். பசித்தோர் பந்திக்கு அழைக்கப்படுதல் வேண்டும்.

நமது கஞ்சிக்கும் அவ்வினா இன்றியமையாதது: இப்பசி யாரால் விளைந்தது? அரசு உணவையும் மருந்தையும் மறுத்தமை, புலிகள் மக்களை வெளியேறவிடாது தடுத்தமை ஆகிய இரண்டையும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளாக ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் பதிவுசெய்தது. இவற்றுள் ஒன்றை மறைத்துக் கூறும் விடை அங்கு பசித்திருந்த கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் கூலித் தொழிலாளருக்கும் இழைக்கும் அநீதியாகும். வினாவற்ற கஞ்சி காலப்போக்கிற் பிரசாதமாகிவிடும். வினாவோடு பகிரப்படும்போதே அது வரலாறாக நிலைக்கும்.