கூத்தாடி என்னும் வசை

பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இன்று தர்காவாக இருக்கிறது. அவனுடைய பட்டப்பெயர்கள் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற அங்கத நாடகத்தை வடமொழியில் எழுதிய அரசன் அவன். பக்கத்திலேயே பம்மல், நாடகாசிரியர் சம்பந்த முதலியாரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். இரண்டும் இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள் அடக்கம். மேடையேறுபவரைத் தமிழர் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று தேடுகிறவர் இந்த இரண்டு ஊர்களிலிருந்தே தொடங்கலாம்.

பழைய சொல் கூத்தர். தொல்காப்பியம் கூத்தர், பாணர், பொருநர், விறலி என்று கூத்தரையே முதலில் நிறுத்துகிறது. சங்கப் பாடல்களில் வரும் கோடியர், வயிரியர் ஆகியவை ஊதுகொம்பால் அமைந்த பெயர்கள். 583 அடி கொண்ட மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றே இன்னொரு பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் முன் கொட்டிச்சேதம் ஆடுபவன் பறையூர்க் கூத்தச் சாக்கையன். சோழர் காலத்தில் இத்தகையோருக்கு விடப்பட்ட நிலம் சாக்கைக்காணி. மகேந்திரவர்மனின் நாடகத்தை மேடையில் சாகவிடாமல் காத்தவர்களும் கேரளத்துச் சாக்கியார்கள்தாம். தில்லையில் ஆடுபவன் கூத்தபிரான். சோழ அவையின் கவிச்சக்கரவர்த்தி ஒட்டக்கூத்தர். இதில் இழிவு எங்கே இருக்கிறது?

'நடிகர்' வடமொழி வழி வந்த சொல். மத்தவிலாசத்தின் தொடக்கத்தில் சூத்திரதாரனோடு ஊடல் கொள்பவளும் ஒரு 'நடி'தான். கிரேக்கத்தில் நடிகனைக் குறித்த 'ஹிப்போக்ரிட்டீஸ்' ஆங்கிலத்துக்குப் போய்ப் பாசாங்குக்காரன் ஆனது. நாமும் "நடிக்காதே", "வேஷம் போடாதே" என்கிறோம். ஆக, சந்தேகம் எல்லா நாட்டிலும் உண்டு. 'கூத்தாடி'யில் இருப்பதோ சந்தேகமல்ல, ஏளனம்.

1891இல் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவின் நாடகங்களைப் பார்த்த உற்சாகத்தில் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் ஊதியம் வாங்காமல் வேஷம் கட்டினார்கள். அவரும் வக்கீலாக இருந்து நீதிபதியானவர். 1959இல் பத்மபூஷண் பெற்றவர். மேடைக்கு மரியாதை வந்தது. ஆனால் அந்த மரியாதை முழுவதும் 'நடிகர்' கணக்கில் வரவாயிற்று என்பது என் கணிப்பு. விடிய விடிய ஆடிய கூத்துக்காரருக்குப் பழைய வசையே மிஞ்சியது. 1952இல் திரைக்கலைஞர்கள் கூடியபோதும் நடிகர் சங்கம் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

சொல்லை மீட்கும் வேலை பிறகுதான் நடந்தது. 1977இல் ந. முத்துசாமி தன் குழுவுக்குக் 'கூத்துப்பட்டறை' என்று பெயரிட்டார். தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடமிருந்து நவீன நாடகக்காரர்கள் கற்றார்கள். 1990இல் காஞ்சிபுரம் பக்கத்துக் கலைஞர்கள் 'தெரு' என்ற அடைமொழியைத் தவிர்த்துக் கட்டைக்கூத்துச் சங்கம் என்று அமைத்தார்கள். கட்டை என்பது அவர்கள் அணியும் மர அணிகலன். தொழிலின் பெயரை ஆடுகிறவர்களே முடிவு செய்தது இங்கே அபூர்வம்.

தேர்தல் வந்தால் எதிராளியைத் தாழ்த்த இன்னமும் 'கூத்தாடி' என்கிறார்கள். அவர்கள் வேறு வசை தேடிக்கொள்ளட்டும்.