சொல் விலகிய இடம்: ஜோபிமின் பாடல்களும் கருவியிசைப் பதிவுகளும்

போசா நோவா என்பது 1950களின் இறுதியில் ரியோ டி ஜெனீரோவின் கடற்கரைக் குடியிருப்புகளில், சாம்பா ஆட்ட இசையின் தாளத்தைத் தணித்து, அதன்மேல் செறிவான சுரக்கூட்டுகளையும், அதாவது ஒரே கணத்தில் சேர்ந்தொலிக்கும் சுரத் தொகுதிகளையும், உரத்துப் பாடாத குரலையும் ஏற்றி உருவான பாட்டு மரபாகும். ஆயினும் இம்மரபின் தலையாய இசையமைப்பாளரான அந்தோனியோ கார்லோஸ் ஜோபிமின் ஆக்கங்கள் அமெரிக்க வானொலியில் முதலில் பெருவாரியாக ஒலித்தபோது அவற்றில் பாட்டு இல்லை. சாக்ஸபோனும் கிட்டாருமே இருந்தன. சொல்லை நீக்கி வாசிக்கும் இவ்வழக்கம், பாடல்களுக்குள் புதைந்திருந்த கட்டுமானத்தை வெளிக்கொணர்ந்தது. ஆனால் குரலும் கிட்டாரும் தமக்குள் நிகழ்த்திய உரசலைப் பல பதிவுகளில் தேய்த்தும் விட்டது.

1927ஆம் ஆண்டு ரியோவின் டிஜுக்கா பகுதியில் பிறந்து இபனேமாவில் வளர்ந்த ஜோபிம், பன்னிரு சுர முறையைப் பிரேசிலில் அறிமுகப்படுத்திய ஜெர்மானியரான ஹான்ஸ்-யோவாகிம் கோல்ராய்ட்டரிடம் இளமையில் பயின்றவர். டெபுஸ்ஸி, ஷோப்பான், வில்லா-லோபோஸ் ஆகியோரின் இசையில் ஊறியவர். கட்டடக்கலைப் படிப்பைத் தொடங்கிய வேகத்திலேயே கைவிட்டு, கோப்பகபானாவின் இரவு விடுதிகளில் பியானோ வாசித்துப் பிழைத்தார். பின்னர் காண்டினென்டல் இசைத்தட்டு நிறுவனத்தில், சுரக்குறி எழுதத் தெரியாத பாட்டாசிரியர்களின் மெட்டுகளைத் தாளில் எழுதிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். எளிய வேலைதான், ஆனால் பிறருடைய மெட்டை எலும்புக்கூடாகப் பார்க்கும் பழக்கத்தை அது அவருக்குத் தந்திருக்க வேண்டும். 1956இல் கவிஞரும் தூதரக அதிகாரியுமான வினீசியஸ் டி மோரைஸின் ‘ஓர்ஃபெயு டா கொன்சைசாவ்’ நாடகத்துக்கு இசையமைத்ததும், 1958இல் இருவரும் ஆக்கிய ‘ஷேகா டி சவுடாஜி’ என்னும் பாடலை ஜோவாவ் ஜில்பெர்டோ பாடிப் பதிந்ததும் ஜோபிமின் பெயரை நிலைநிறுத்தின.

ஜில்பெர்டோவின் பதிவில் இருப்பது குரலும் கிட்டாருமாகிய ஒரு பொறியமைப்பு. அவருடைய கட்டைவிரல் சாம்பாவின் பெருமுரசு அடியைப் பிடித்துக்கொள்ள, மற்ற விரல்கள் சிறுமுரசின் எதிரடிகளைச் சுரக்கூட்டுகளாக மீட்ட, குரல் அவ்விரண்டுக்கும் கட்டுப்படாமல் சற்று முந்தியோ பிந்தியோ செல்கிறது. பாடலின் உயிர் இவ்விடைவெளியில் உள்ளது. சொல் நீங்கும்போது இடைவெளியைக் காக்கும் பொறுப்பு வாத்தியக்காரருக்கு வந்துசேர்கிறது. அதை உணர்ந்தவர் சிலரே.

நியூட்டன் மென்டோன்சாவுடன் சேர்ந்து ஜோபிம் ஆக்கிய இரண்டு பாடல்கள் இவ்வழக்கத்தின் வரவையும் செலவையும் ஒருங்கே காட்டுகின்றன. ‘டெசஃபினாடோ’வில், சுருதி சேராமல் பாடுபவன் என்று பழிக்கப்பட்ட காதலன் தன் தரப்பை எடுத்துரைக்கிறான்; முதல் இசையடி முடியும் இடத்தில், காது எதிர்பார்க்கும் சுரத்துக்கு அரைச்சுரம் விலகிய ஒரு சுரம் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. சொல்லோடு கேட்பவருக்கு அது நகைச்சுவை. சொல்லின்றிக் கேட்பவருக்கு அது நயமானதொரு திருப்பம் மட்டுமே. ‘ஒற்றைச் சுர சாம்பா’வின் நிலை வேறு. மேலே ஒரே சுரம் திரும்பத் திரும்ப ஒலிக்க, கீழே சுரக்கூட்டுகள் அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கிச் செல்கின்றன. நிற்கும் சுரத்தின் நிறத்தை நகரும் அடித்தளம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. பாடலின் வரிகள் இதைத்தான் விளக்குகின்றன என்றாலும், விளக்கம் இல்லாமலும் செவிக்கு எட்டக்கூடிய விளையாட்டு இது. கருவியில் இன்னும் தெளிவாகவே எட்டுகிறது.

1962 பிப்ரவரியில் வாஷிங்டனின் ஒரு தேவாலய மண்டபத்தில், ஸ்டான் கெட்ஸ் என்னும் சாக்ஸபோன் கலைஞரும் சார்லி பேர்ட் என்னும் கிட்டார் கலைஞரும் ஒரே நாளில் பதிந்த ‘ஜாஸ் சாம்பா’, மறு ஆண்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எட்டியது. கெட்ஸின் ஊதலில் மூச்சின் இழை தெரியும். மெட்டை அழுத்தாமல் சாய்த்து விடும் அவருடைய பாங்கு ஜில்பெர்டோவின் குரலுக்கு உறவானது. டிரம்ஸ் வாசித்த இருவரும் ஜாஸ் மரபில் வந்தவர்கள்; சாம்பாவின் எதிரடிகளை அவர்கள் பிடிக்கிறார்கள், ஆனால் அவற்றை ஒரே சீராக ஓடும் கோடாக்கிவிடுகிறார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒவ்வொரு அமெரிக்க ஜாஸ் கலைஞரும் ஒரு போசா நோவா இசைத்தட்டு வெளியிட்ட காலத்தில், அக்கோடு மட்டும் நகலெடுக்கப்பட்டது.

இதற்கு மாறான பாதையை ஜோபிமே காட்டினார். 1963 மே மாதத்தில் கிரீட் டெய்லரின் தயாரிப்பில் நியூயார்க்கில் பதியப்பட்டு, டெசஃபினாடோவின் இசையமைப்பாளர் தாமே வாசிப்பதாகத் தலைப்பிட்டு வெர்வ் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டில் பாடகர் எவரும் இல்லை. கிளவுஸ் ஓகர்மன் என்னும் ஜெர்மானியர் வாத்தியங்களுக்குப் பகுதி பிரித்து எழுதினார். டிரம்ஸில் பிரேசிலியரான எடிசன் மச்சாடோ அமர்ந்தார். ஜோபிம் பியானோவில் பெரும்பாலும் ஒற்றை விரலால் வாசிப்பதுபோல ஒற்றைச் சுரங்களையே தொடுகிறார். கிட்டாரையும் அவரே மீட்டுகிறார். தேர்ந்த வாசிப்பாளர் ஒருவர் இவ்வளவு இடம் கிடைத்தும் பேசாதிருப்பதைச் சோம்பல் என்று எண்ணிய கேட்போரும் இருக்கலாம். உண்மையில் அது பதிப்பாசிரியர் ஒருவரின் கண்டிப்பு. ஓகர்மனும் அதே கண்டிப்போடு வயலின் குழுவைத் தடித்த சுரக்கூட்டுகளாகப் பரப்பாமல், பல இடங்களில் ஒரே கோடாக இழைய விட்டார். புல்லாங்குழல் வந்து ஒரு வரியைச் சொல்லிவிட்டு விலகுகிறது. மெட்டின் எளிமையும் அதன் அடியில் நிகழும் சுரக்கூட்டு இடப்பெயர்ச்சியும் தனித்தனியே செவியில் விழுவது இந்தப் பதிவில்தான். பாடல்களுக்கு எழுதப்பட்ட ஆங்கில வரிகள் பலவற்றில் ஜோபிம் நிறைவு கொள்ளவில்லை என்பதையும் சேர்த்து நோக்கினால், சொல்லற்ற வடிவம் அவருக்கு ஓர் அடைக்கலமாகவும் இருந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே தயாரிப்பாளரும் அதே ஓகர்மனும் உடனிருந்து உருவாக்கிய ‘வேவ்’ இசைத்தட்டை அவ்வளவு தாராளமாகப் பாராட்ட இயலவில்லை. தலைப்பு இசைத்துண்டு சொல் இல்லாமலே பிறந்தது. பன்னிரண்டு தாள அளவுகள் கொண்ட அதன் முதற்பகுதி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் வடிவத்தை நினைவூட்டியபடி அதனினும் வளைந்த வழியில் செல்கிறது. ரான் கார்ட்டரின் பாஸ் வாத்தியம் அதை நன்கு தாங்குகிறது. ஆனால் தட்டு முழுவதும் பரவிய மெருகு, டிராம்போன் முதல் புல்லாங்குழல் வரை ஒன்றோடொன்று உராயாமல் வழுக்கிச் செல்லும் ஒலிப்பதிவு, கேட்பவரிடம் கவனம் கோருவதில்லை. விடுதிக் கூடங்களிலும் மின்தூக்கிகளிலும் பின்னணியாகக் கசியும் இசையாக போசா நோவா ஆனதற்குத் திறமையற்ற நகலாளர்களை மட்டும் குறை கூறுவது வழக்கம்; முன்மாதிரியின் வழவழப்பிலும் அதற்கான வித்து இருந்தது.

1972இல் ஜோபிம் சொல்லும் இசையும் தாமே எழுதிய ‘அகுவாஸ் டி மார்சோ’ சொல்லை நீக்கி வாசிக்கும் வழக்கத்தின் எல்லையைக் காட்டுகிறது. குச்சி, கல் எனத் தொடங்கிப் பெயர்களை அடுக்கிச் செல்லும் அப்பாடலில் மெட்டு மிகச் சில சுரங்களுக்குள் சுற்ற, முன்னேற்றம் முழுவதையும் பெயர்களின் வரிசையே சுமக்கிறது. எந்தக் கருவி வாசித்தாலும் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. 1976இல் வெளியான ‘உருபு’வின் இரண்டாம் பக்கத்தில், பாட்டை வாத்தியத்துக்கு மாற்றாமல் தொடக்கத்திலேயே இசைக்குழுவுக்கென எழுதப்பட்ட துண்டுகள் உள்ளன; ஓகர்மனின் நரம்பிசை அங்கே அலங்காரமாக இல்லாமல் பொருளாகவே இயங்குகிறது. விற்பனையில் ‘வேவ்’ பெற்ற இடம் இதற்குக் கிட்டவில்லை.

ஜோபிம் 1994 டிசம்பரில் நியூயார்க்கில் இறந்த சிறிது காலத்தில், சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹென்டர்சன் அவருடைய ஆக்கங்களை மட்டும் வாசித்த ‘டபுள் ரெயின்போ’ வெளிவந்தது. ஒரு பகுதியில் பிரேசிலியக் கலைஞர்களும் மறு பகுதியில் ஹெர்பி ஹான்காக் முதலிய அமெரிக்க ஜாஸ் கலைஞர்களும் உடன் வாசித்தனர். இரண்டாம் பகுதியில் சாம்பாவின் அடி ஏறத்தாழக் கைவிடப்படுகிறது. தூய்மைவாதிகளுக்கு அது குறையாகத் தோன்றலாம். ஆனால் பிரேசிலிய அடியை அரைகுறையாகப் போலி செய்த 1960களின் தட்டுகளைவிட, அதை விட்டுவிட்டு ஜோபிமின் சுரக்கூட்டுகளை மட்டும் நம்பி, அவற்றின் மேல் தம் மரபுக்குரிய இழுபறியோடு பேசும் இவ்வாசிப்பில் குரலுக்கும் தாளத்துக்கும் இடையிலிருந்த பழைய உரசல் வேறோர் உருவில் மீண்டும் கேட்கிறது.