பிறமொழியில் பேசிய ஒளி: பாலு மகேந்திராவின் படங்களில் உரையாடலும் மொழிபெயர்ப்பும்

திரைப்படத்திற்கு மொழி இல்லை என்னும் கூற்று தமிழ்த் திரைப்படத் திறனாய்வில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர்களைப் பற்றிப் பேசும்போது இது மேலும் உறுதியாகச் சொல்லப்படுகிறது. காட்சியால் கதை சொல்ல வல்லவருக்குச் சொல் எதற்கு என்பது இதன் உட்கிடை. இக்கூற்றை ஆராய்ந்து பார்க்கப் பாலு மகேந்திராவின் (1939-2014) படைப்புகள் மிகப் பொருத்தமான சான்றுகளாக அமைகின்றன.

பாலு மகேந்திரா இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, ராமு காரியாட்டின் 'நெல்லு' (1974) என்னும் மலையாளப் படத்தின்வழி அறிமுகமானவர். இயக்குநராக அவர் எடுத்த முதற்படம் 'கோகிலா' (1977) கன்னடத்தில் அமைந்தது. தாய்மொழியான தமிழில் 'அழியாத கோலங்கள்' 1979இல்தான் வந்தது. பின்னர் மலையாளத்தில் 'ஓளங்ஙள்' (1982), தெலுங்கில் 'நிரீட்சண', இந்தியில் 'சத்மா' (1983) என ஐந்து மொழிகளில் அவர் படங்களை இயக்கினார். திரைப்படத்திற்கு மொழி இல்லை என்பது உண்மையாயின் இவற்றுள் மொழி சார்ந்த வேறுபாடு எதுவும் தோன்றியிருக்கக் கூடாது. ஆனால் வேறுபாடு உண்டு, அது ஆராயத்தக்கது.

கோகிலா

'கோகிலா'வின் கதைக்களம் பெங்களூரு. வங்கிப் பணிக்காக நகருக்கு வரும் இளைஞன் ஒருவன் தான் தங்கும் வீட்டுப் பெண்ணைக் காதலிக்கிறான். அவ்வீட்டுப் பணிப்பெண்ணுடன் அவனுக்கு ஏற்படும் உறவு அனைத்தையும் கலைத்துவிடுகிறது. இப்படத்தில் பங்கு கொண்டோரின் மொழிப் பின்னணி கவனிக்கத்தக்கது. இயக்குநர் ஈழத் தமிழர், கதைத்தலைவன் கமல்ஹாசன் தமிழர், ஷோபா மலையாளி, ரோஜாரமணி தெலுங்குப் படங்களின்வழி அறியப்பட்டவர், இசையமைத்த சலில் சௌத்ரி வங்காளி. கன்னட நாடக மேடையிலிருந்து வந்த மோகன் இதில்தான் அறிமுகமானார். (படத்தின் பெயரே பின்னர் அவருக்கு அடைமொழியாயிற்று. தமிழில் புகழ்பெற்ற பிறகு அவருடைய பெரும்பாலான படங்களில் ஒலித்தது எஸ்.என். சுரேந்தரின் குரல். ஒரு கன்னட நடிகரின் முகமும் ஒரு தமிழரின் குரலும் சேர்ந்து ஒரே ஆளாக ஏற்கப்பட்டது பேச்சொலி ஆய்வாளர் தனியே எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.)

பெரும்பான்மையோர்க்குத் தாய்மொழியல்லாத மொழியில் எடுக்கப்பட்ட இப்படம் சிறந்த ஒளிப்பதிவிற்கான தேசிய விருதைப் பெற்றது. அதனினும் குறிப்பிடத்தக்கது, மொழிமாற்றம் செய்யப்படாமல் கன்னடப் படமாகவே சென்னையில் திரையிடப்பட்டு 100 நாட்களைக் கடந்து ஓடியமை. இதனை இனமொழிகளின் நெருக்கத்தால் விளக்க முற்படலாம். கன்னடச் சொற்கள் பல தமிழுக்கு உறவானவை. ஆயினும் அவ்வுறவு செவிக்கு எளிதில் புலப்படுவதில்லை. பழங்கன்னடத்தின் சொன்முதற் பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தது. பால், பூ, போ, பெயர் என்பவை ஹாலு, ஹூவு, ஹோகு, ஹெசரு என நிற்கின்றன. தமிழின் சொன்முதல் வகரத்திற்கு ஈடாகக் கன்னடத்தில் ஒலிப்புடைய பகரம் வருகிறது. 'வா' அங்கே 'பா' ஆகிறது. இவ்விதிகளை அறிந்த மொழியியலார்க்கு உறவு தெளிவாகத் தெரியும். திரையரங்கில் வேகமாகக் கடந்து செல்லும் ஒரு வாக்கியத்தில் 'ஹெசரு' என்பதைப் 'பெயர்' என இனங்காணப் பார்வையாளர்க்கு நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை.

எனவே விளக்கத்தை வேறிடத்தில் தேட வேண்டும். செயலோடு பிணைந்த பேச்சு அச்செயல் நிகழும் சூழலின்றி விளங்காது என்று மாலினோவ்ஸ்கி 1923இல் எழுதினார். அதன் மறுதலையும் உண்மையே. சூழல் முழுமையாகக் கண்முன் இருக்குமாயின் பேச்சின் பெரும்பகுதி தானே விளங்கிவிடும். 'கோகிலா'வில் மாந்தர் பேசும் பேச்சு பெரும்பாலும் காட்சியில் காணப்படுவதைச் சார்ந்தது. காணப்படாத ஒன்றைச் சொல்லால் வருவிக்கும் நீண்ட உரைகள், உவமைகள், பழமொழிகள், அன்றைய தமிழ்ப் படங்கள் நம்பியிருந்த எதுகைமோனை வசனங்கள் ஆகியவற்றிற்கு இங்கு இடமில்லை. சுட்டும் பணியைப் படப்பெட்டி ஏற்றுக்கொள்வதால் சொல் சுருங்குகிறது. மொழி இங்கு இல்லாமற் போகவில்லை. அதன் பணிகளுள் ஒருசிலவே எஞ்சியுள்ளன. அந்த ஒருசில பணிகள் எம்மொழிக்கும் எளிதில் பெயர்பவை. பாலு மகேந்திராவின் தனிநடை எனப் புகழப்படும் சொற்சிக்கனம் அழகியல் தேர்வு மட்டுமன்று. தமக்குரியதல்லாத மொழியில் தொழில் தொடங்கிய ஒருவரின் தேவையும் அதில் கலந்திருந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

இக்கதையை அவரே 1983இல் மலையாளத்தில் மீண்டும் எடுத்தார். அதற்கு அவர் இட்ட தலைப்பு 'ஊமக்குயில்'. வடமொழிப் பெயராக இருந்த குயில் மலையாளத்தில் ஊமையாயிற்று. இயக்குநர் தம் முதற்படத்திற்குத் தாமே எழுதிய உரையாக இத்தலைப்பைக் கொள்ள இடமுண்டு.

பெங்களூருவில் தமிழ்

பெங்களூரு அவருடைய தொழில் வாழ்வில் மேலும் இருமுறை வருகிறது. 'மூடுபனி' (1980) பெங்களூருவையும் உதகையையும் களமாகக் கொண்ட தமிழ்ப் படம். 'பல்லவி அனுபல்லவி' (1983) மணிரத்னம் இயக்கிய முதற்படம். கன்னடத்தில் எடுக்கப்பட்ட அதற்கு ஒளிப்பதிவு மட்டும் பாலு மகேந்திரா. முதற்படத்தைக் கன்னடத்தில் எடுத்த இரண்டு தமிழ் இயக்குநர்கள் இங்ஙனம் ஒரே நகரில் சந்தித்தனர்.

'மூடுபனி'யில் ஒரு குறை உண்டு. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகியன ஒரே தெருவில் வழங்கும் நகரம் பெங்களூரு. அங்குத் தலைமுறைகளாக வாழும் தமிழரின் பேச்சு கன்னடச் சொற்களும் தொடரமைப்பும் கலந்த தனி வழக்கு. இப்படத்தின் மாந்தர் பேசுவதோ எந்நகருக்கும் பொருந்தும் நடுத்தர வகுப்பினரின் பொதுப் பேச்சுத் தமிழும் இடையிடையே ஆங்கிலமும் ஆகும். சாலைகளும் மரங்களும் காலை வெளிச்சமும் பெங்களூருவுக்கே உரியவையாக இருக்கும்போது வாய்மொழி மட்டும் இடமற்றதாக நிற்கிறது. கண்ணுக்குக் காட்டிய நுட்பத்தில் பாதியையேனும் செவிக்குக் காட்டியிருந்தால் அந்நகரம் பின்னணியாக மட்டும் நின்றுவிடாமல் கதையின் பகுதியாகியிருக்கும். 'கோகிலா'வில் வலிமையாக இருந்த சொற்சுருக்கமே தமிழுக்கு வந்தபோது வெறுமையாக மாறிவிட்டது.

மூன்றாம் பிறையும் சத்மாவும்

மொழிபெயர்ப்பாளர்க்கு மிகுந்த பயன் தருவது 'மூன்றாம் பிறை' (1982), 'சத்மா' (1983) ஆகிய இணை. இயக்குநர், தலைமை நடிகர்கள், கதை ஆகியன இரண்டிலும் ஒன்றே. மலைநாட்டுக் களமும் பொது. இந்தி உரையாடலை எழுதியவர் குல்சார். வேறுபடுவது ஏறத்தாழ மொழி ஒன்றே என்பதால் ஒப்பாய்வுக்கு இதைவிட ஏற்ற தரவு எளிதிற் கிடைப்பதில்லை.

விபத்தில் நினைவிழந்து குழந்தைமைக்குத் திரும்பிவிட்ட இளம்பெண்ணைப் பள்ளி ஆசிரியன் ஒருவன் மீட்டு வந்து பேணுகிறான். அவளுடைய குழந்தைமையைப் பார்வையாளர் உணர்வது முதன்மையாகப் பேச்சின் வழியே; உடலோ வளர்ந்த பெண்ணின் உடல். இங்குத் தமிழின் இலக்கணம் இயக்குநருக்குத் துணை நிற்கிறது. தமிழில் தன்மை வினைமுற்று பாலை உணர்த்துவதில்லை. 'வருவேன்', 'தின்னமாட்டேன்' என்பவற்றைச் சொல்பவர் ஆணா பெண்ணா என்பதை வடிவம் காட்டாது. ஆகவே அவள் பேசுகையில் ஒரு குழந்தையின் குரல் மட்டும் கேட்கிறது. இந்தியில் தன்மை எதிர்கால வினை ஆண்பாலாகவோ பெண்பாலாகவோதான் அமைய முடியும்; 'போவேன்' என்பதற்குப் பெண் சொல்வது 'ஜாவூங்கி', ஆண் சொல்வது 'ஜாவூங்கா'. அவள் வாய்திறக்கும் தோறும் அவள் பெண் என்பதை இலக்கணம் நினைவூட்டுகிறது. தமிழில் கதை மறக்கச் செய்வதை இந்தி மறக்க விடுவதில்லை.

முன்னிலையிலும் இத்தகைய இடர் உண்டு. தமிழில் நீ, நீங்கள் என இரண்டே நிலைகள். இந்தியில் தூ, தும், ஆப் என மூன்று. குழந்தை தன்னைப் பேணுபவனை 'நீ' என்பது தமிழில் இயல்பு. இந்தியிலோ 'தூ' என்றால் ஒரு வகை உறவும் 'தும்' என்றால் காதலர்க்கும் பொருந்தும் மற்றொரு வகை உறவும் தோன்றிவிடும். அவ்விருவரிடையே உள்ள உறவு இன்னதென்று பெயரிடப்படாமல் இருப்பதே இக்கதையின் உயிர். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அப்பெயரிடாமை சற்றே குலைகிறது. 'சத்மா' தமிழ்ப் படத்தைப் போல வெற்றி பெறாததற்கு வணிகக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. இலக்கணக் காரணத்தை எவரும் சொல்வதில்லை. அதுவும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இறுதிக் காட்சியில் இருமொழிப் படங்களும் ஒன்றாகின்றன. நினைவு மீண்ட பெண் தொடர்வண்டியில் அமர்ந்திருக்கிறாள். இடைக்காலம் முழுவதும் அவள் நெஞ்சில் இல்லை. அவன் ஓடிவந்து அவளை மகிழ்விக்கத் தான் செய்த விளையாட்டுகளையெல்லாம் செய்து காட்டுகிறான். குரங்கைப் போல் ஆடுகிறான். அவளோ அவனைப் பித்தன் என்றோ இரவலன் என்றோ எண்ணுகிறாள். அவ்விளையாட்டுகள் அவர்கள் இருவருக்கு மட்டுமே உரிய குறிமுறை. அதனை அறிந்த இருவருள் ஒருவர் மறந்தவுடன் அது குறியாக இராமல் வெறும் அசைவாகிவிடுகிறது. பேச்சைப் பெரிதும் விலக்கிய இக்காட்சியை மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்பர். ஆனால் முன்னர்ப் பேசப்பட்ட பேச்சு முழுவதும் இங்கு நினைவாகத் தேவைப்படுகிறது. இக்காட்சியை மட்டும் தனியே பார்ப்பவரும் தொடர்வண்டியில் இருக்கும் அப்பெண்ணும் ஒரே நிலையில் உள்ளவர்கள்.

வீடும் விடுபட்ட வழக்கும்

'வீடு' (1988) இத்தன்மையிலிருந்து விலகியது. பாடல்கள் அற்ற இப்படத்தில் சென்னையில் ஒரு பெண் சிறிய வீடு ஒன்றைக் கட்ட முயல்கிறாள். கடன், வரைபட ஒப்புதல், சிமெண்டு, ஒப்பந்தக்காரரின் சுருட்டல், கையூட்டு, இறுதியில் குடிநீர் வாரியத்தின் நில எடுப்பு எனக் கதை நகர்கிறது. இங்குச் சொல்லே செயல். அலுவலகத்தில் எந்தச் சொல்லைச் சொன்னால் கோப்பு நகரும் என்பது தெரிந்தாக வேண்டும். படித்த பெண்ணின் தமிழ், முதியவரான பாட்டனின் தமிழ், சித்தாள் மங்கம்மாவின் சென்னைத் தமிழ், அலுவலரின் ஆங்கிலம் கலந்த தமிழ் ஆகியவை வெவ்வேறாக ஒலிக்கின்றன. ஒப்பந்தக்காரரின் திருட்டை வெளிப்படுத்துபவள் மங்கம்மா என்பதும் கருதத்தக்கது. 'கோகிலா'வை மொழிமாற்றமின்றிப் பார்க்கலாம்; 'வீட்'டை அங்ஙனம் பார்ப்பவர் பாதியை இழப்பர். அவருடைய தமிழ்ப் படங்களுள் மொழிபெயர்ப்புக்கு மிகவும் கடினமானதே மிகச் சிறந்ததாகவும் அமைந்திருக்கிறது.

ஆயினும் ஒரு வழக்கு அவர் படங்களில் என்றும் ஒலித்ததில்லை. அது அவருடைய சொந்த வழக்கு. தமிழின் பேச்சு வழக்குகள் அனைத்திலும் இலக்கியத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழ் என்பது கமில் சுவெலபிலின் கருத்து. அம்மண்ணில் பிறந்த பெருங்கலைஞர் தம் இளமை நினைவுகளை 'அழியாத கோலங்கள்' என்னும் படமாக்கியபோது அவை தமிழகச் சிற்றூர் ஒன்றில் நடப்பனவாக, தமிழகப் பேச்சில் அமைந்தன. அங்கும் ஒரு மொழிபெயர்ப்பு நிகழ்ந்தது. மூலம் மட்டும் கிடைப்பதில்லை. அவருக்குப் பின் ஒளிப்பதிவிலிருந்து இயக்கத்திற்கு வந்த தங்கர் பச்சான் 'அழகி' (2002) முதலிய படங்களில் தம் நடுநாட்டு வழக்கைத் தயக்கமின்றிப் பயன்படுத்தினார். தமிழகச் சந்தையில் ஈழ வழக்கிற்கு அத்தகைய இடம் இருக்கவில்லை என்பது உண்மை. அவ்விடத்தை உருவாக்கும் ஆற்றல் ஒருவருக்கேனும் இருந்ததாயின் அவர் பாலு மகேந்திராவே என்பதும் உண்மை.

1999-2000 காலத்தில் தொலைக்காட்சியில் வந்த 'கதை நேரம்' தொடரில் அவர் 52 சிறுகதைகளைக் குறும்படங்களாக்கினார். அக்கதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதியவர்களுள் வெற்றிமாறன் ஒருவர். யாகோப்சன் குறியிடை மொழிபெயர்ப்பு என வகுத்ததற்குத் தமிழில் இதைவிடப் பெரிய தொகுதி காண்பது கடினம். எழுத்து வழக்கிலுள்ள கதைகூறல் எங்கே பேச்சாகிறது, எங்கே காட்சியாகிறது, எங்கே கைவிடப்படுகிறது என்பதை இதில் கதைதோறும் அளவிட்டு அறியலாம்.

அவருடைய இறுதிப்படமான 'தலைமுறைகள்' (2013) மொழியையே பொருளாகக் கொண்டது. ஆங்கிலம் மட்டும் அறிந்த பெயரனும் ஆங்கிலம் அறியாத பாட்டனும் ஒரு சிற்றூரில் எதிர்ப்படுகின்றனர். பாட்டனாக நடித்தவர் பாலு மகேந்திராவே. பொதுமொழி இல்லாத இருவரும் பொருள்களைக் காட்டிப் பெயர் சொல்லிப் பழகுகின்றனர். 'கோகிலா'வில் படப்பெட்டி செய்த சுட்டும் பணியை இங்கு முதியவர் ஒருவரின் விரல் செய்கிறது. சிறுவன் தமிழை அடையும் விரைவு உணர்ச்சிக்காகச் சற்று மிகைப்படுத்தப்பட்டது எனலாம். ஆனால் ஒரு மொழி ஒரு குடும்பத்தில் எந்தத் தலைமுறையில், எவ்வாறு அறுபடுகிறது என்பதை ஓசையின்றிக் காட்டிய தமிழ்ப் படங்கள் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று. பாட்டனின் வாயில் ஒலிப்பது இங்கும் தமிழகத் தமிழே.

தமிழ்த் திரைப்படங்களுக்கென ஆவணக் காப்பகம் ஒன்று வேண்டும் என்று அவர் தம் இறுதிக்காலத்தில் வலியுறுத்தி வந்தார். திரைப்படச் சுருள் அழிந்தால் ஒளியோடு பேச்சும் அழிகிறது. 1980களின் சென்னைக் கட்டடத் தொழிலாளரின் பேச்சைப் பற்றியோ அக்கால அலுவலகத் தமிழைப் பற்றியோ ஆராய முனையும் ஒருவர் 'வீடு' போன்ற படங்களைத் துணைச் சான்றாகக் கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு அப்படங்களின் உரையாடல் முழுவதும், இருமொழிப் படங்களாயின் இரண்டின் உரையாடலும் இணையாக, ஒலிபெயர்த்து எழுதப்பட வேண்டும். 'மூன்றாம் பிறை', 'சத்மா' இணையிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.