முகம் காட்டாத தன்னுருவம்

தன்னுருவ ஓவியம் என்றதும் முகத்தையே நாம் எதிர்பார்க்கிறோம். 1969இல் லாகூரில் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய ஷாஸியா சிக்கந்தர், அந்நகரின் தேசியக் கலைக் கல்லூரியில் மாணவியாக இருந்தபோது தீட்டிய 'சுருள்' (1989–90) அந்த எதிர்பார்ப்பை மறுக்கிறது.

தேயிலைச் சாயமேற்றிய வஸ்லித் தாளில், 5 அடிக்குச் சற்று மிகுந்த நீளத்தில், ஒரு வீடு விரிகிறது. அறைக்கு அறை வெண்ணிற ஆடையணிந்த ஓர் இளம்பெண் மீண்டும் மீண்டும் தோன்றுகிறாள். கனவில் நம்மை நாமே காண்பதுபோல், உடல் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெலிந்து நடமாடுகிறாள். முகம் ஓரிடத்திலும் தெரிவதில்லை. இறுதியில் தன் உருவத்தைத் தானே தீட்டிக்கொண்டிருக்கிறாள். அங்கும் நமக்குக் கிடைப்பது முதுகே.

முகலாயச் சிற்றோவியத்தில் ஓவியர் தம்மை வரைந்துகொண்டதுண்டு. மன்னர்களைவிட ஒரு ஸூஃபிப் பெரியாரை ஜஹாங்கீர் மேலாக மதிப்பதைக் காட்டும் ஓவியத்தில், அதனைத் தீட்டிய பிசித்திர் இடப்புறக் கீழ்மூலையில் நிற்கிறார். அவர் கையிலுள்ள சிறுபடத்திலும் அவரே குனிந்து வணங்குகிறார். அவருக்கு முகம் உண்டு, இடமோ மூலை. சிக்கந்தரின் பெண்ணுக்கு வீடு முழுவதும் இடம் உண்டு, முகம் இல்லை. யாரையும் அவள் வணங்கி நிற்கவுமில்லை.

இம்மறைவை அடக்குமுறையின் சின்னம் என்பார் சிலர். நாணத்தின் சின்னம் என்பார் வேறு சிலர். மன்திக் பாடத்தில், ஒன்றைத் தீர்ப்பின்றி மனத்தில் வாங்குவது தஸவ்வுர். அதன்மேல் தீர்ப்பளிப்பது தஸ்தீக். முன்னது இன்றிப் பின்னது இல்லை. தஸவ்வுர், தஸ்வீர் இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள் என்பதும் கருதத்தக்கது. மேற்சொன்ன இரு சாராரும் படத்தை முழுதாக வாங்குமுன் தீர்ப்புக்கு விரைகிறார்கள். உருவம் வரைதல் பற்றிய ஃபிக்ஹ் விவாதம் வேறு. படம் என்ன சொல்கிறது என்று அறிவது அதற்கும் முற்பட்ட கடமை.

நமக்கு ஒரு குறையும் தென்படுகிறது. சுவரிலும் தரையிலும் காட்டிய நுணுக்கம் சில இடங்களில் மனிதர்களை விஞ்சி, அவர்களைக் கட்டடத்தின் அணிகளாக்கிவிடுகிறது. ஆயினும் 'நான்' என்பது முகத்தில் மட்டும் குடியிருப்பதன்று, நடந்த அறைகளிலும் செய்யும் தொழிலிலும் பரந்திருப்பது என்பதை இச்சுருள் ஐயமற நிறுவுகிறது. தம் முகத்தையே ஓயாமல் படமெடுத்துப் பரப்பும் தலைமுறைக்கு, மாணவி ஒருவர் முன்கூட்டியே அளித்த மறுமொழி இது.