தூங்காத கதாநாயகன்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரி மாணவர் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு சிறுகதை. "படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்ல வேண்டும், ஸார்" என்றார். இப்படி வருகிறவர்களிடம், "வைத்துவிட்டுப் போங்கள், பிறகு எழுதுகிறேன்" என்று சொல்வதுதான் என் வழக்கம். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோது ஏனோ அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு அப்போதே படிக்க ஆரம்பித்தேன்.

கதையின் பெயர் 'விடிவெள்ளி'. கதாநாயகன் பாஸ்கரன் ஏழை மாணவன். பகலில் கல்லூரிக்குப் போகிறான். இரவில் ஒரு லாட்ஜின் வாசலைக் காக்கிறான். வாசல் விளக்கின் கீழ் உட்கார்ந்து விடிய விடியப் படிக்கிறான். பணக்கார மாணவர்கள் அவனைப் பரிகசிக்கிறார்கள். பேராசிரியரின் மகள் பரிதாபப்படுகிறாள். கடைசியில் பாஸ்கரன் தங்கப் பதக்கம் வாங்குகிறான். பரிகசித்தவர்கள் தலை குனிகிறார்கள். பேராசிரியரின் மகள் தலை நிமிர்கிறாள். மொத்தம் 14 பக்கங்கள்.

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தேன். கதையை எழுதியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். என் மனைவி கொண்டுவந்து வைத்த மோர் வைத்த இடத்திலேயே இருந்தது.

எழுப்ப மனம் வரவில்லை. மின்விசிறியைச் சற்று வேகமாகச் சுழல விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து விழித்துக்கொண்டவர், ஏதோ தகாத காரியம் செய்துவிட்டவரைப் போலப் பதறி எழுந்து நின்றார். விசாரித்தபோது மெல்ல மெல்ல விஷயம் வெளிவந்தது. பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கிறார். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரையில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை. பல ஊர்களுக்குப் போக வேண்டிய பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும். அங்கிருந்து அறைக்குப் போய்க் குளித்துவிட்டு, அப்படியே கல்லூரிக்கு ஓட வேண்டும்.

"தம்பி, உங்கள் பாஸ்கரன் எப்போது தூங்குகிறான்?" என்று கேட்டேன்.

அவர் சற்றுத் திகைத்தார். "அதை நான் யோசிக்கவே இல்லை, ஸார்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "உங்கள் நாவலில் வருகிற அச்சாபீஸ் பையனும் தூங்குவதாக நீங்கள் எழுதவில்லையே?" என்றார்.

வாஸ்தவந்தான். பல வருஷங்களுக்கு முன்பு நான் எழுதிய நாவல் ஒன்றில் அப்படி ஒரு மாணவன் வருகிறான். இரவெல்லாம் அச்சாபீஸில் புரூப் திருத்திவிட்டு, பகலில் படித்துப் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாகத் தேறுகிறான். நாவல் முழுவதிலும் அவன் ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை. அவனைப் பாராட்டி வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். நானும் பூரித்துப்போனேன். ஆனால் என் படிப்பு நாட்களில் நான் இரவு வேலை எதுவும் பார்த்தவன் அல்ல. என் தகப்பனார் மாதம் தவறாமல் பணம் அனுப்பினார். நான் நாள் தவறாமல் தூங்கினேன். தூக்கத்துக்குக் குறைவில்லாதவன் தூங்காதவனைப் பற்றி எழுதினால் அப்படித்தான் எழுதுவான் என்று இப்போது தோன்றுகிறது.

நம் ஊரில் ஏழை மாணவன் என்றதும் தெருவிளக்குத்தான் நினைவுக்கு வருகிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான ஸர் டி. முத்துசாமி ஐயர் தெருவிளக்கின் வெளிச்சத்தில் படித்தார் என்ற கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் ஒரு காலத்தில் கிடையாது. அவர் கஷ்டத்தில் வளர்ந்தவர் என்பதில் சந்தேகமில்லை. சிறு வயதில் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக இருந்தவர் அவர். ஆனால் பிள்ளையின் புத்தியைக் கண்டு கைகொடுத்துப் படிக்க வைத்த தாசில்தார் ஒருவரும் அந்த வாழ்க்கையில் உண்டு. விளக்கை நினைவில் வைத்துக்கொண்டோம், தாசில்தாரை மறந்துவிட்டோம்.

தெருவிளக்குக் கதையில் மாணவனிடம் இல்லாத பொருள் வெளிச்சம் ஒன்றுதான். அது கிடைத்துவிட்டால் மற்றவற்றை மனவுறுதி பார்த்துக்கொள்ளும். என்னைத் தேடி வந்த மாணவருக்கு வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. அவருடைய கிடங்கில் இரவெல்லாம் பட்டப்பகல்போல் விளக்குகள் எரிகின்றன. அவருக்குக் கிடைக்காதது இருட்டு. படுத்துத் தூங்குவதற்கு ஓர் இருட்டு. இந்தக் குறையைச் சொல்ல நம் கதைகளில் ஒரு வழியும் ஏற்படவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. பசியை எழுதுவது சுலபம். பசித்தவன் கேட்கிறான், திருடுகிறான், அழுகிறான், கதை நகர்கிறது. சோர்வில் ஒன்றும் நடப்பதில்லை. சோர்ந்தவன் புத்தகத்தின்மேல் தலையைச் சாய்க்கிறான்; அத்தோடு சரி. சம்பவத்தை நம்பிப் பிழைக்கிற கதாசிரியன் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் பரீட்சை முடிவுக்கு வந்துவிடுகிறான்.

குதிக்காமல் எழுதியவர் யார் என்று யோசித்தால், முதலில் அமெரிக்க ஆசிரியர் ஜாக் லண்டன்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார். 1909இல் புத்தகமாக வந்த 'மார்ட்டின் ஈடன்' என்ற அவருடைய நாவலை வாசகர்கள் சிலர் படித்திருக்கக்கூடும். மார்ட்டின் ஒரு கப்பல் தொழிலாளி. படித்த குடும்பத்துப் பெண் ஒருத்தியைக் காதலிக்கிறான். அவளுக்கு ஏற்றவனாக வேண்டும், எழுத்தாளனாக வேண்டும் என்று தானாகவே படிக்கத் தொடங்குகிறான். நாளைக்கு ஐந்து மணி நேரத் தூக்கம் போதும் என்று தீர்மானம் செய்துகொள்கிறான். இதுவரையில் அவன் நம் பாஸ்கரனுக்கு அண்ணன்தான்.

கையிலிருந்த பணம் தீர்ந்துபோனதும் மார்ட்டின் ஒரு ஹோட்டலின் சலவைச் சாலையில் வேலைக்குச் சேருகிறான். ஓய்வு நேரத்தில் படிப்பதற்கென்று பெட்டி நிறையப் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போகிறான். அங்கே அவனும் ஜோ என்பவனும் சேர்ந்து மலை மலையாகத் துணிகளை வெளுக்க வேண்டும், கஞ்சி போட வேண்டும், இஸ்திரி போட வேண்டும். லண்டன் இந்த வேலையைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே போகிறார். முதலில் நமக்குச் சலிப்பாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சலிப்பே நம்மையும் பற்றிக்கொள்கிறது. மார்ட்டின் புத்தகத்தைத் திறந்தபடியே தூங்கிவிடுகிறான். பிறகு புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்ற எண்ணமே அவனை விட்டுப் போய்விடுகிறது. அதற்கும் பிறகு, சனிக்கிழமை இரவில் ஜோவோடு சேர்ந்து அவனும் சாராயக் கடைக்குப் போகிறான்.

அந்த இடத்தைப் படித்தபோது, என் நாவலில் நான் செய்த தவறு என்ன என்று எனக்கு விளங்கியது. நான் நேரத்தைக் கணக்குப் பார்த்திருக்கிறேன். வேலைக்கு எட்டு மணி, கல்லூரிக்கு ஆறு மணி, போக வர இரண்டு மணி, படிப்புக்கு நான்கு மணி, தூக்கத்துக்கு நான்கு மணி. கூட்டினால் 24 வந்துவிடுகிறது. பேனாவுக்குச் சரியாக இருக்கிற கணக்கை உடம்பு ஒப்புக்கொள்வதில்லை. வேலை மார்ட்டினுடைய நேரத்தோடு நிற்கவில்லை. மிஞ்சிய நேரத்தில் படிப்பதற்கு வேண்டிய மனத்தையும் அது வாங்கிக்கொண்டுவிட்டது. படித்தது நினைவில் பதிவதற்கே தூக்கம் வேண்டும் என்று இன்றைய விஞ்ஞானம் சொல்கிறது. லண்டனுக்கு அதை ஒரு விஞ்ஞானி வந்து சொல்லவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் படிப்பைப் பாதியில் விட்ட பிறகு, 1897இல் ஒரு பள்ளிக்கூடத்தின் சலவைச் சாலையில் தாமே வேலை செய்தவர் அவர்.

இன்னொருவர் மாக்ஸிம் கார்க்கி. சர்வகலாசாலையில் சேர்ந்து படிக்கலாம் என்ற ஆசையோடு 1884இல் கஸான் நகரத்துக்குப் போனார். சேர முடியவில்லை. அந்த வருஷங்களைப் பற்றி அவர் எழுதி 1923இல் வெளிவந்த நூலுக்கு 'என் சர்வகலாசாலைகள்' என்று பெயர். அதில் குரி பிளெட்னியோவ் என்ற இளைஞன் வருகிறான். பத்திரிகை அச்சாபீஸில் இரவெல்லாம் புரூப் திருத்துவது அவன் வேலை. என் நாவலின் பையனுக்கு அசல் அவன்தான் என்று சொல்லலாம். ஓர் இரவுக்குக் கூலி 11 கோபெக். கார்க்கிக்கு வேறு வரும்படி இல்லாத நாட்களில், இருவரும் நான்கு ராத்தல் ரொட்டியையும் இரண்டு கோபெக் தேயிலையையும் மூன்று கோபெக் சர்க்கரையையும் வைத்துக்கொண்டு நாளை ஓட்டினார்கள். அவர்களுக்கு இருந்தது ஒரே கட்டில். இரவில் கார்க்கி படுப்பார். பகலில் பிளெட்னியோவ் படுப்பான். கண் சிவந்து, முகம் கறுத்து அவன் விடியற்காலையில் திரும்பி வரும்போது, கார்க்கி எழுந்து தேநீருக்கு வெந்நீர் வாங்கிவர ஓடுவார்.

பின்னால் கார்க்கி ஒரு ரொட்டிக் கிடங்கில் வேலைக்குப் போனார். மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் மறுநாள் ஏறக்குறைய மத்தியானம் வரையில் வேலை. மாவைப் பிசைந்து வைத்துவிட்டு அது பொங்குகிற வரையிலும், ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு அது வேகிற வரையிலும்தான் புத்தகத்தைத் தொட முடிந்தது. 1887 டிசம்பரில் அவர் துப்பாக்கியால் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். குண்டு இதயத்தைத் தவறிவிட்டதால் பிழைத்தார். அதற்குச் சோர்வு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நூலில் மன உறுதி என்ற ஒன்றே எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுவதில்லை. அந்த ஒற்றைக் கட்டிலை நான் மறக்கவே முடிவதில்லை. தூக்கத்துக்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தை விட்டுக்கொடுக்க ஒரு சிநேகிதன் வேண்டும் என்பதை அந்தக் கட்டில் சொல்லிவிடுகிறது.

இதையெல்லாம் என் நண்பரான ஒரு பத்திரிகாசிரியரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "கஷ்டப்படுகிற பையன்கள் படிக்கிற கதையில் சோர்வையும் தோல்வியையும் எழுதினால் அவர்கள் மனம் ஒடிந்துபோக மாட்டார்களா? நம்பிக்கை ஊட்டுவதல்லவா எழுத்தாளன் கடமை?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். 1895இல் தாமஸ் ஹார்டியின் 'ஜூட்' நாவல் வெளிவந்தபோதும் பலர் இப்படித்தான் கோபித்துக்கொண்டார்கள். சிறுவனாக ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டே லத்தீன் படித்த ஜூட், கல் தச்சனாகிச் சர்வகலாசாலையின் சுவர்களைப் பழுது பார்க்கிறான். அந்தச் சுவர்களுக்கு உள்ளே அவனுக்கு இடமில்லை. அவரவர் தொழிலில் இருப்பதே நல்லது என்று கல்லூரித் தலைவர் ஒருவர் அவனுக்குக் கடிதம் எழுதுகிறார். முப்பது வயதை எட்டும்போதே அவன் செத்துப்போகிறான். இதைவிட மனத்தை ஒடிக்கிற கதை உண்டா? ஆனால் 1899இல் தொழிலாளிகள் படிப்பதற்கென்று ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரி ஏற்பட்டது. அதற்கு ஜூட்டின் பெயரையே வைத்திருக்க வேண்டும் என்று பேச்சு இருந்ததாக ஹார்டி 1912இல் தம் நாவலுக்கு எழுதிய பின்குறிப்பில் சொல்கிறார். நாவலைப் படித்துவிட்டுத்தான் கல்லூரி கட்டினார்கள் என்று நான் வாதாட வரவில்லை. தங்கப் பதக்கக் கதையைப் படித்துவிட்டு எவருக்கும் கல்லூரி கட்டத் தோன்றாது என்று மட்டும் சொல்கிறேன். பாஸ்கரன்தான் யாருடைய தயவும் இல்லாமல் ஜெயித்துவிட்டானே! விடுதி எதற்கு? உபகாரச் சம்பளம் எதற்கு? படிப்பவர்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஆனால் பத்திரிகாசிரியருக்குச் சரியான பதிலை ஹார்டியிடம் தேடியிருக்க வேண்டியதில்லை. அதை அந்த மாணவர் அன்றைக்கே என் வீட்டு வாசற்படியில் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

விடைபெற்றுக்கொள்ளும்போது, "படிப்பு எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டுவைத்தேன்.

"போன செமஸ்டரில் இரண்டு பேப்பர் போய்விட்டது, ஸார். ஒரு பரீட்சையில் பாதியிலேயே தூங்கிவிட்டேன்" என்றார். பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டே, "எனக்கு மனவுறுதி போதவில்லை, ஸார். உங்கள் அச்சாபீஸ் பையனுக்கு இருந்த மாதிரி எனக்கு இல்லை" என்றார். 

என் எழுத்தைப் பற்றி எத்தனையோ விமர்சனங்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு கடுமையான விமர்சனத்தை ஒருவரும் செய்ததில்லை. அதிலும் அவர் அதைப் பாராட்டாக நினைத்துக்கொண்டு சொன்னார். இரவெல்லாம் மூட்டை சுமந்துவிட்டு வருகிற ஒரு பிள்ளை, தான் தேறாமல் போனதற்குத் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறான். அப்படிச் சொல்லிக்கொள்ள அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். நம்பிக்கை ஊட்டுவதாக நினைத்துக்கொண்டு நான் ஊட்டியது இதைத்தான்.

அவருடைய கதையைத் திருப்பிக் கொடுத்தபோது, பதக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. "பரீட்சைக் கூடத்தில் தூங்கினீர்களே, அந்த ஒரு மணி நேரத்தை எழுதுங்கள். 14 பக்கமும் அதுவாகவே இருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். "அதில் என்ன ஸார் கதை இருக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே போனார். கதை இன்னும் திரும்பி வரவில்லை. எழுதுவதற்கு அவருக்கு எங்கே நேரம்? கிடைக்கிற நேரத்தில் தூங்கினால் போதும் என்று நானும் ஞாபகப்படுத்தாமல் இருக்கிறேன்.

என்னுடைய அந்தப் பழைய நாவலை மறுபடியும் அச்சிடப் போகிறார்களாம். திருத்தங்கள் உண்டா என்று பதிப்பாளர் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு திருத்தம் உண்டு. அந்தப் பையனைப் பகல் வகுப்பில், முதல் பெஞ்சில், பேராசிரியரின் கண்ணெதிரில் தூங்க வைக்கப் போகிறேன். அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் முதலாவதாகத் தேறுவது கஷ்டந்தான். தேறாமல் போனால் போகட்டும்.