கஸ்ஸாலியின் உள்ளறை

பாரசீகக் கவிஞர் ரூமி இப்போது நம் கத்தோலிக்க இல்லங்களுக்குள்ளும் விருந்தாளியாக வந்துவிட்டார். தியான நாள்களில் அவருடைய வரிகள் வாசிக்கப்படுகின்றன. வாழ்த்து அட்டைகளிலும் அவர் பெயர் தென்படுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அவரை விரும்பிப் படிக்கின்ற நம்மவர் பலர், கூடவே இன்னொன்றையும் சொல்லக் கேட்கிறோம். சூஃபிகள் பெயருக்குத்தான் முஸ்லிம்களாம். சட்டமும் சடங்கும் மிகுந்த சமயத்திலிருந்து அன்பின் வெளிக்குத் தப்பி வந்தவர்களாம். சற்றே தட்டிப் பார்த்தால் உள்ளே நம்மவராகவே இருப்பார்களாம். இந்தப் பேச்சில் சூஃபிகளுக்குச் சூட்டப்படும் மாலை மற்ற முஸ்லிம்களின் முகத்தில் எறியப்படும் கல்லாகவும் ஆகிவிடுகிறது. அடுத்த தெருவில் ஐவேளை தொழுகின்றவரை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே இதை ஆராய்ந்துதான் ஆக வேண்டும்.

சூஃபி நெறிக்குள் புதிதாக நுழைகின்றவர்கள் பெரும்பாலும் கவிதையின் வாசல் வழியாகவே நுழைகிறார்கள். கவிதை மயக்கும், அது எந்த மண்ணில் முளைத்தது என்பதை மறக்கச் செய்துவிடும். எனவே உரைநடை நூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இமாம் அபூ ஹாமித் அல்கஸ்ஸாலி தம் ஐம்பது வயதுக்குமேல் அரபியில் எழுதிய 'அல்முன்கித் மினள் ளலால்' என்னும் சிறுநூல் அது. 'வழிதவறலினின்று மீட்பது' என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் பல பெயர்ப்புகள் உள்ளன. அவற்றுள் 1980-இல் வெளிவந்தது, பாக்தாதில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குரு ரிச்சர்டு மெக்கார்த்தி செய்தது.

குருத்துவக் கல்லூரியில் மெய்யியல் பயின்றவர்களுக்கு இவர் முற்றிலும் அயலவர் அல்லர். 'அல்கசேல்' என்ற பெயரில் தூய தோமா அக்குவினாவின் ஏடுகளில் வருபவர் இவரே. அங்கே அவர் அவிசென்னாவின் வழிநடக்கும் மெய்யியலாராகக் காட்சியளிக்கிறார். வரலாற்றின் வேடிக்கைகளுள் இதுவும் ஒன்று. மெய்யியலாரை மறுப்பதற்கு முன்னோடியாக அவர்களுடைய கொள்கைகளைத் தொகுத்துக் கஸ்ஸாலி ஒரு நூல் எழுதினார். அதுவே 12-ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. மறுக்கவே தொகுக்கிறேன் என்று அவர் சொல்லும் முன்னுரை, அநேகமாக எல்லா இலத்தீன் படிகளிலும் விடுபட்டுப்போயிற்று. எவர்களை எதிர்த்தாரோ அவர்களின் சீடராகவே கிறிஸ்தவ ஐரோப்பா அவரை அறிந்தது. முன்னுரையைத் தொலைத்துவிட்டு நூலை மட்டும் வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம், இன்று ரூமியைக் கையாளும் விதத்திலும் தொடர்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கஸ்ஸாலி 1058-இல் குராசான் நாட்டுத் தூஸ் நகரில் பிறந்தார். 1091-இல் அமைச்சர் நிஜாமுல் முல்க் அவரைப் பாக்தாதின் நிஜாமிய்யா கல்லூரிக்குப் பேராசிரியராக அமர்த்தினார். முந்நூறு மாணவர்கள் தம்மிடம் பயின்றதாக அவரே எழுதுகிறார். உலகம் விரும்புவதெல்லாம் கையில் இருந்தது. 1095-இல் அவருக்கு நாக்கு எழவில்லை.

நூலின் உயிர்நிலை இந்தப் பகுதிதான். தம் கற்பித்தலின் நோக்கத்தை அவர் உற்றுப் பார்க்கிறார். அது இறைவனுக்காகச் செய்யப்பட்டதன்று, பெயருக்கும் புகழுக்கும் செய்யப்பட்டது என்று காண்கிறார். எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட வேண்டும் என்று காலையில் தோன்றும். மாலைக்குள் ஆசைகளின் படை வந்து அந்த உறுதியைக் கலைத்துவிடும். ஏறத்தாழ ஆறு மாதம் இப்படியே கழிகிறது. பிறகு வகுப்பில் ஒரு சொல்லும் வாயிலிருந்து வரவில்லை, உணவு இறங்கவில்லை. நோய் நெஞ்சில் தொடங்கி உடலுக்குப் பரவியிருக்கிறது என்று மருத்துவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். பீடத்தில் நின்று மறையுரை ஆற்றும் எவரும் இந்தப் பக்கங்களை அமைதியாகப் படித்துவிட முடியாது.

தூய அகுஸ்தினாரின் 'அறிக்கைகள்' உடனே நினைவுக்கு வரும். ஒப்பிடுவதில் தவறில்லை, ஆயினும் வேறுபாடே அதிகம் கற்பிக்கிறது. அகுஸ்தினார் இறைவனை நோக்கிப் பேசுகிறார். கண்ணீரும் புகழ்ச்சியும் கலந்து வருகின்றன. கஸ்ஸாலி, தம்மிடம் வினவிய சமயச் சகோதரர் ஒருவருக்கு விடையளிக்கிறார். குரல் தாழ்ந்தே இருக்கிறது. வாதம் முறையாக நகர்கிறது. இளமைப் பாவங்களின் பட்டியல் இங்கே கிடையாது. அவர் ஒப்புக்கொள்ளும் பாவம் ஒன்றே, அறிஞனின் பெருமை.

அவர் தொடங்கும் இடமும் நமக்குப் பயன்படக்கூடியது. கிறிஸ்தவக் குழந்தைகள் கிறிஸ்தவராகவும், யூதக் குழந்தைகள் யூதராகவும், முஸ்லிம் குழந்தைகள் முஸ்லிம்களாகவுமே வளர்வதைத் தாம் இளமையிலேயே கவனித்ததாகச் சொல்கிறார். அப்படியானால் பெற்றோர் சொன்னதால் நம்புவது வேறு, உறுதியாக அறிவது வேறு. உறுதியான அறிவு எது? பிறவிக் கத்தோலிக்கர் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம் இந்தக் கேள்வியைப் பிறர் வீட்டுக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியுமா?

அக்கேள்வியுடன் அவர் நான்கு சாராரிடம் செல்கிறார். வாதத்தால் கொள்கையைக் காக்கும் இறையியலார், மெய்யியலார், தவறாத இமாம் ஒருவரின் போதனையே வழி என்னும் பாத்தினிகள், இறுதியாகச் சூஃபிகள். இறையியலார் நோய் வராமல் காக்கலாம். தம் நோய்க்கு அவர்களிடம் மருந்தில்லை என்கிறார். மெய்யியலாரின் இருபது பிழைகளை எண்ணி, மூன்றை நிராகரிப்பு என்றும் எஞ்சியவற்றை வழிதவறல் என்றும் தீர்ப்பளிக்கிறார். பாத்தினிகளைப் பற்றிய பகுதி எனக்குச் சுவைக்கவில்லை. அரசியல் பகையின் சூடு அதில் இருக்கிறது. கலீபாவின் விருப்பப்படி அவர்களுக்கு எதிராக நூல் எழுதியவர் அவர்.

இந்த நான்கு படி ஒழுங்கையும் சற்று ஐயத்துடனேயே பார்க்க வேண்டும். வாழ்க்கை இவ்வளவு நேர்த்தியாக வரிசையில் நிற்பதில்லை. அவருடைய தம்பி அகமது பெயர்பெற்ற சூஃபி. ஆகவே சூஃபிகளைக் கடைசியாகத்தான் கண்டுபிடித்தார் என்பதை எழுத்தாளரின் அமைப்பு என்றே கொள்ள வேண்டும். நிஜாமுல் முல்க் 1092-இல் கொலையுண்டார்; பழி பாத்தினிகள் மேல் விழுந்தது. கஸ்ஸாலியைப் பாக்தாதிலிருந்து விரட்டியதில் அச்சத்துக்கும் பங்குண்டு என்று கருதும் ஆய்வாளரும் உள்ளனர். அவ்வாறே இருக்கட்டும், கலப்பற்ற நோக்கத்தோடு இறைவனிடம் போனவர் யார்?

சூஃபிகளிடம் வந்ததும் முதலில் அவர்களுடைய நூல்களைப் படிக்கிறார். அபூ தாலிப் மக்கீ, முஹாசிபீ, ஜுனைது ஆகியோரின் எழுத்துகளைக் கற்கிறார். கற்பதனால் அடையக்கூடியது அவ்வளவுதான், மிச்சம் சுவைத்து அறிவது என்று உணர்கிறார். உடல்நலத்தின் இலக்கணத்தை அறிந்த மருத்துவர் தாமே நோயுற்றுக் கிடக்கலாம். இலக்கணம் அறிவது வேறு, நலமாயிருப்பது வேறு. பிறகு பாக்தாதை விட்டுச் சிரியாவுக்குச் செல்கிறார். தமஸ்குவின் பெரிய பள்ளிவாசல் கோபுரத்தில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு பகலெல்லாம் தனித்திருக்கிறார். எருசலேமில் பாறைக் குவிமாடத்துக்குள்ளும் அவ்வாறே. 1099-இல் சிலுவைப் போர் வீரர்கள் அந்நகரில் குருதி சிந்தியதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் இந்த மனிதர் அங்கே அமர்ந்து வேண்டிக்கொண்டிருந்தார் என்பதை எண்ணாமல் அப்பகுதியைக் கடக்க இயலவில்லை.

அங்கே என்ன கண்டார்? சொல்ல மறுக்கிறார். பழைய கவிஞர் ஒருவரின் அடியை எடுத்துப் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறார். இறைவனின் நெருக்கத்தில் நிற்பவர்களுள் சிலர் இறைவன் தம்மில் இறங்கிக் குடியேறினார் என்றோ, தாம் அவரோடு ஒன்றாகிவிட்டோம் என்றோ பேசுகின்றனர்; அதெல்லாம் பிழை என்கிறார். இதை நாம் மறைக்கலாகாது. இவ்வாறு சொல்கின்றவர் வாக்கு மனுவுருவான நம் மறையுண்மையை ஏற்கமாட்டார். அவருக்கு அருகில் செல்ல வேண்டுமானால் அந்த வேறுபாட்டையும் சுமந்துகொண்டே செல்ல வேண்டும்.

மேற்கோள் தொகுப்புகள் பெரும்பாலும் இந்த அதிகாரத்தோடு நின்றுவிடுகின்றன. நூல் நிற்பதில்லை. அடுத்து வருவது இறைவாக்கினர் பணி பற்றிய அதிகாரம். சூஃபி வழியில் சுவைத்து அறிந்ததனாலேயே, முகமது நபியின் பணி மெய்யானது என்பது தமக்கு உறுதியாயிற்று என்று கஸ்ஸாலி வாதிடுகிறார். அதற்கும் அடுத்த பகுதி இன்னும் வியப்பானது. வைகறைத் தொழுகைக்கு இரண்டு ரக்அத், பிற்பகல் தொழுகைக்கு நான்கு. ஒருமுறை குனிதலுக்கு இருமுறை நெற்றி நிலத்தில் படிதல். ஏன் இந்தக் கணக்கு? மருத்துவர் தரும் மருந்தில் ஒன்றுக்கு இரண்டு என்ற அளவு இருப்பதுபோல், நெஞ்சின் நோய்க்கு இறைவாக்கினர் வகுத்த அளவு இது. அறிவு எட்டாவிட்டாலும் பயன் உண்டு என்கிறார். சமயக் கடமைகளில் தளர்ந்தவர்களை வகைப்படுத்தும்போது, சூஃபி வழியில் உயர்நிலை அடைந்துவிட்டேன், இனி எனக்கு வழிபாடு தேவையில்லை என்று சொல்பவரையும் அந்த வரிசையிலேயே நிறுத்துகிறார். சட்டத்திலிருந்து தப்பி ஓடியவர் எழுதும் எழுத்தா இது?

அலைந்த ஆண்டுகளில் அவர் உருவாக்கிய பெருநூல் 'இஹ்யா உலூமித்தீன்'. நாற்பது பகுதிகள் உடையது. இறையன்பும் ஏக்கமும் பேசும் பகுதி ஏறத்தாழ இறுதியில்தான் வருகிறது. தொடக்கத்தில் நிற்பவை அறிவு, நம்பிக்கைக் கோட்பாடு, ஒளு முதலிய தூய்மை, தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ். முற்றத்தைக் கடந்துதான் உள்ளறை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அல்ஹல்லாஜை 922-இல் பாக்தாதில் கொன்றார்களே, அது எதைக் காட்டுகிறது? அந்தக் கொலையில் அரண்மனை அரசியலும் இருந்தது. ஹஜ்ஜுக்கு மாற்றாக வீட்டிலேயே சடங்கு செய்யலாம் என்று போதித்தார் என்ற குற்றச்சாட்டும் இருந்தது. அதே நகரில் ஜுனைது மதிப்போடு வாழ்ந்து 910-இல் இறந்தார். நம் வீட்டையும் பார்ப்போம். சிலுவை அருளப்பரை 1577-இல் தொலேதோவில் சிறையிலடைத்தவர்கள் அவருடைய சொந்தச் சபைத் துறவியரே. அதனால் அவர் திருச்சபைக்கு வெளியே இருந்தார் என்று நாம் சொல்கிறோமா?

சூஃபி நெறியை ஐயுறும் முஸ்லிம்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். 1328-இல் இறந்த இப்னு தைமிய்யா கல்லறை வழிபாட்டையும் இப்னு அரபியின் கோட்பாட்டையும் கடுமையாகச் சாடினார். அவரே அப்துல் காதிர் ஜீலானியின் நூலொன்றுக்கு விளக்கமும் எழுதினார். சச்சரவு வீட்டுக்குள்தான் நடந்தது. நம் காலத்தில் அது குருதியாகவும் வடிந்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் பாகிஸ்தானின் செவான் தர்காவில் 80-க்கும் மேற்பட்டோரும், அதே ஆண்டு நவம்பரில் எகிப்தின் சினாய் பகுதியில் சூஃபிகள் கூடும் பள்ளிவாசல் ஒன்றில் 300-க்கும் மேற்பட்டோரும் கொல்லப்பட்டனர். சினாயில் இறந்தவர்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வந்திருந்தவர்கள்.

நம் அறிஞர்களும் இருவேறாகவே பார்த்தனர். எசுப்பானியக் குரு மிகுவேல் ஆசின் பலாசியோஸ் 1931-இல் இப்னு அரபியைப் பற்றி எழுதிய பெருநூலுக்குக் 'கிறிஸ்தவமயமான இஸ்லாம்' என்று பெயரிட்டார். அவருடைய உழைப்பு பெரிது. தலைப்பிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. அன்பு எங்கே தென்பட்டாலும் அது நம்மிடமிருந்து கடன் போனது என்று எண்ணும் மனநிலை அதில் இருக்கிறது. பிரெஞ்சுக் கத்தோலிக்கர் லூயி மாசிஞ்ஞோன் 1922-இல் ஹல்லாஜைப் பற்றி வெளியிட்ட ஆய்வு எதிர்த்திசையில் சென்றது. சூஃபிகளின் சொற்கள் முதன்மையாகத் திருக்குர்ஆனை இடைவிடாது ஓதியதிலிருந்தே முளைத்தவை என்று அவர் காட்டினார். ஹல்லாஜிடம் கல்வாரியின் சாயலைத் தேடுவதில் அவரும் சில இடங்களில் எல்லை மீறுகிறார்தான். ஆயினும் இருவருள் மாசிஞ்ஞோனையே நான் நம்புவேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பிற சமயங்களைக் குறித்து வெளியிட்ட அறிக்கை முஸ்லிம்களை மதிப்போடு நோக்குவதாகச் சொல்லி, அவர்களுடைய தொழுகையையும் ஈகையையும் நோன்பையும் பாராட்டுகிறது. சூஃபி என்ற சொல் அதில் இல்லை.

தமிழிலும் இதே கதைதான். குணங்குடி மஸ்தான் சாகிபின் பராபரக் கண்ணியையும் மனோன்மணிக் கண்ணியையும் சித்தர் பாடல்களோடு அடுக்கிவைத்து மகிழ்கிறோம். ஜீலானியைப் போற்றும் முகியித்தீன் சதகத்தைப் புரட்டுவோர் குறைவு. தாயுமானவரின் சாயல் அவரிடம் உண்மை. காதிரிய்யா தரீக்காவும் உண்மை.

கஸ்ஸாலியின் நூலில் இன்னுமோர் இடத்தைச் சொல்ல வேண்டும். தனிமையின் நடுவே அவர் ஊர் திரும்புகிறார். காரணம் ஒரே வரியில் வருகிறது: பிள்ளைகளின் அழைப்பு. பாக்தாதை விட்டபோது செல்வத்தைப் பங்கிட்டவர், பிள்ளைகளுக்கு வேண்டியதை நிறுத்திக்கொண்டார் என்பதும் முன்பே வந்துவிட்டது. துறவறத்தில் நிற்கும் நாங்கள் மனைவி மக்களைச் சுமை என்று எண்ணக்கூடும். இங்கே அவர்கள் தடை என்றும் சொல்லப்படுகிறார்கள். தனிமையின் தெளிவைக் குடும்பக் கவலை கலைத்தது என்று அவர் மறைக்காமல் எழுதுகிறார். அந்தக் கலக்கத்தோடேயே பத்தாண்டுக்கு மேல் வேண்டுதலில் நிலைத்து, 1106-இல் நிஷாபூர் கல்லூரியில் மீண்டும் பாடம் சொல்லத் தொடங்கினார். வெளிப்பார்வைக்கு அது பழைய வேலைதான். முன்பு புகழைத் தேடித் தரும் அறிவைக் கற்பித்தேன், இப்போது புகழை விடச் சொல்லும் அறிவைக் கற்பிக்கிறேன் என்ற கருத்தில் எழுதிவிட்டு, தம் நோக்கம் இப்போது அதுவே என்பதை இறைவன் அறிவார் என்று சேர்த்துக்கொள்கிறார்.